கரைப்பது எளிது, பிரிப்பது அரிது

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். ஒரு நிமிடத்தில் உப்பு மறைந்துவிடும். உண்மையில் அது மறையவில்லை என்பதைத் தராசு காட்டிவிடும். டம்ளரின் எடை, போட்ட உப்பின் அளவுக்குக் கூடியிருக்கும்.

இப்பொழுது அந்த உப்பை மீண்டும் வெளியே எடுங்கள் பார்க்கலாம்! துணியில் வடிகட்டினால் வராது. மணலில் வடிகட்டினாலும் வராது. நீரைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். 30 டிகிரி செல்சியசில் உள்ள 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரியும், பின்பு ஆவியாக்க 540 கிலோ கலோரியும் தேவை. மொத்தம் 610 கிலோ கலோரி. மின்சாரத்தில் சொன்னால் ஏறக்குறைய 0.7 யூனிட். 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை 70 மணி நேரம் எரிக்க இது போதும்!

கலப்பது தானாகவே நடக்கும். பிரிப்பதற்கு ஆற்றலைச் செலவிட வேண்டும். இது இயற்கையின் விதி. இவ்விதியை மறந்தால் என்ன நேரும் என்பதற்குப் பாலாறே சான்று.

பாலாறு சொல்லும் பாடம்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடிக்கு அருகே தமிழகத்தில் நுழைகிறது. ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் வழியே சென்று வங்கக் கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி இதில் மணலைத்தான் காணலாம். நீர் மணலுக்கு அடியிலும் கரையோரக் கிணறுகளிலும் இருக்கிறது.

இந்த ஆற்றங்கரையில்தான் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உப்பைத் தடவி வைப்பார்கள். தோலைப் பதனிடுமுன் நீரில் ஊற வைக்கும்போது அந்த உப்பின் பெரும்பகுதி கரைந்து கழிவுநீருடன் வெளியேறுகிறது. ஆற்றில் வெள்ளம் ஓடினால் உப்பு கடலுக்குப் போகும். வெள்ளம் இல்லாத ஆண்டுகளில் அது மணலிலும் கிணறுகளிலும் தங்கிவிடுகிறது.

உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடும். ஏன்? சவ்வூடு பரவலில் நீர், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கே செல்லும். மண்நீரில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை இழுக்க முடிவதில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என அறிவிக்கப்பட்டது.

பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. எதிர்ச் சவ்வூடு பரவல், ஆவியாக்கும் கலங்கள் ஆகியவற்றின் துணையால் உப்பைப் பிரிக்கிறார்கள். இவை எல்லாமே ஆற்றலை விழுங்குபவை. இதைவிட மலிவான முறை ஒன்றும் உண்டு. தோலை நீரில் போடுமுன் மரச் சட்டத்தின்மேல் தட்டி, உலர்ந்த உப்பை உதிர்த்துவிடுவதே அது. உதிர்ந்த உப்பை மழை படாமல் கூரைக்கடியில் சேர்த்து வைத்தால் அந்த அளவு உப்பு ஆற்றை அடையாது. கரையுமுன் கைவேலை; கரைந்தபின் பெரும் இயந்திரம்!

வீட்டில் என்ன செய்யலாம்?

இதே விதி நம் வீட்டுக்கும் பொருந்தும்.

1. எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். சோப்பும் நீரும் மிச்சமாகும். சாக்கடையில் எண்ணெய் சேராது.

2. காய்கறித் தோலையும் பிளாஸ்டிக்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். கலந்த குப்பையைப் பிரிக்க இன்னொருவர் கை அழுக்காக வேண்டியிருக்கும்.

3. வீட்டில் ஆர்.ஓ. கருவி இருந்தால் அது ஒதுக்கும் நீரை வாளியில் பிடியுங்கள். உப்புச் செறிந்த அந்த நீர் செடிக்கு ஆகாது. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஏற்றது.

4. மழைநீரைச் சேமியுங்கள். கதிரவன் கூலி வாங்காமல் உப்பை நீக்கித் தந்த நீர் அது! 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர்.

5. செருப்பு அறுந்தால் தைத்துப் போடுங்கள். ஒரு கிலோ தோலைப் பதனிடச் சராசரியாக 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று மேற்கண்ட தீர்ப்பு கூறுகிறது. ஓராண்டு உழைக்கும் காலணி இரண்டாண்டு உழைத்தால் அந்தச் செலவு பாதியாகும்.

இவற்றால் மட்டும் பாலாறு தூய்மையாகிவிடாது. தொழிற்சாலையின் கடமையைத் தொழிற்சாலைதான் செய்ய வேண்டும். அதே சமயம், இத்தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. உங்களில் சிலருடைய பெற்றோரும் அங்கே வேலை செய்யக்கூடும். ஆலைகளை மூடாமலே ஆற்றைக் காக்கும் வழிகளைக் காண வேண்டியவர்கள் நாளைய பொறியாளர்களான நீங்களே.

செய்து பாருங்கள்

உங்கள் ஊர்க் கிணற்று நீர் 1 லிட்டரை அகன்ற எவர்சில்வர் தட்டில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, வெயிலில் வற்ற விடுங்கள். மிஞ்சும் படிவைச் சுரண்டி, பள்ளி ஆய்வகத் தராசில் எடை பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்திருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். உங்கள் தட்டில் மிஞ்சியது எவ்வளவு?