கணைய நாளமில்லாச் சுரப்புப் புற்று: நோயறிதலும் மருத்துவமும் – சொல்வழி விளக்கம்

முன்னுரை

கணையத்தில் தோன்றும் புற்றுகள் அனைத்தையும் 'கணையப் புற்றுநோய்' என்னும் ஒரே தொடரால் குறிப்பது தமிழ் வழக்கு. அத்தொடருள் தோற்றத்தாலும் போக்காலும் மருத்துவத்தாலும் வேறுபட்ட இரு நோய்கள் அடங்குகின்றன. அவ்வேறுபாட்டையும் அதனை உணர்த்தவல்ல சொல்லாட்சியையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

இருவகைப் புற்று

கணையம் செரிமான நீரை நாளத்தின் வழியே குடலுக்கு அனுப்புகின்றது. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்த திட்டுகளோ இன்சுலின் முதலிய ஹார்மோன்களை நாளமின்றிக் குருதியில் நேரே சேர்க்கின்றன. பரவலாகக் காணப்படும் கணையப் புற்று நாளம் சார்ந்தது, விரைந்து பரவுவது. ஹார்மோன் உயிரணுக்களில் எழுவது அரியது. பெரும்பாலும் மெல்ல வளர்வது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டறியப்பட்டது இவ்விரண்டாம் வகையே. அவர் 2011இல் மறைந்தார்.

நோயறிதல்

இன்சுலினை மிகுத்துச் சுரக்கும் கட்டியால் வெறும் வயிற்றில் வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், மயக்கம் ஆகியன தோன்றி, இனிப்பு உண்டதும் நீங்கும். இதனை வலிப்பு நோயாகவோ மனநோயாகவோ பிறழக் கருதுவதுண்டு. அறிகுறி தோன்றும் பொழுதே குருதிச் சர்க்கரையை அளத்தல் முதற்படி. பண்ருட்டி போன்ற சிற்றூர்களின் மருத்துவமனைகளிலும் இஃது இயலும். 72 மணிநேர உண்ணாநிலைச் சோதனை, உள்நோக்கிவழி மீயொலி, கேலியம்-68 பெட் வரைவு ஆகியவற்றிற்குப் புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெருநிலையங்களை நாடவேண்டும். திசுவாய்வில் கி-67 அளவு 3 விழுக்காட்டிற்குக் குறையின் முதல் தரம். 3 முதல் 20 வரை இரண்டாம் தரம். அதனின் மிகின் மூன்றாம் தரம்.

மருத்துவம்

பரவாத கட்டியை அறுவையால் அகற்றலாம். கல்லீரலுக்குப் பரவிய நிலையிலும் வழிகள் உள. இக்கட்டிகள் பலவற்றின் மேற்பரப்பில் சொமட்டோஸ்டாட்டின் ஏற்பிகள் மிகுந்துள்ளன. கேலியம்-68 அவற்றைப் பற்றியே கட்டியின் இடத்தைக் காட்டுகின்றது. ஆக்ட்ரியோடைடு ஊசி அவற்றின் வழியே சுரப்பை அடக்குகின்றது. லுடீசியம்-177 கதிர்மருந்தும் அவற்றின் வழியே உயிரணுவை அழிக்கின்றது. எவெரோலிமஸ், சுனிடினிப் ஆகிய மாத்திரைகளும் வளர்ச்சியைத் தடுப்பன.

சொல்லாட்சியும் முடிபும்

கணையத்தை ஈழத்துப் பாடநூல்கள் 'சதையி' என்கின்றன. தமிழகம் 'நாளமில்லாச் சுரப்பி' என்பதை அவை 'அகஞ்சுரக்கும் சுரப்பி' என்கின்றன. ஈழத்துச் சொல் சுரக்கும் முறையைத் தெளிவுறுத்துகின்றது. தமிழகச் சொல்லோ நோய்ப்பகுப்பிற்கும் உதவுகின்றது: 'கணைய நாளப் புற்று', 'கணைய நாளமில்லாச் சுரப்புப் புற்று' என இரண்டையும் எதிரெதிர் நிறுத்தலாம். பொதுத்தொடரை மட்டும் கேட்கும் நோயாளி, தமக்குரிய மருத்துவம் உளதென அறியாமலே நம்பிக்கை இழத்தல் கூடும். ஆதலின் மருத்துவ அறிக்கைகளிலும் இதழ்களிலும் இவ்விரு தொடர்களைப் பிரித்து வழங்குதல் வேண்டும்.