ரிசார்ட்டுக்குப் போனால் அணி உருவாகுமா?

பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கும் ஐ.டி. நிறுவனங்களுக்குக் கடல் கூப்பிடு தூரம். கேளம்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பினால் கோவளம் வந்துவிடும். ‘டீம் அவுட்டிங்’ என்றதும் எச்.ஆர். துறை கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளுக்குப் போன் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிகழ்ச்சி நிரல் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: பேருந்து, வரவேற்பு ஜூஸ், கயிறு இழுத்தல், பலூன் உடைத்தல், பஃபே, நீச்சல் குளம், குரூப் போட்டோ. திங்கட்கிழமை பார்த்தால் யாரோடு யாருக்குப் பேச்சில்லையோ அவர்கள் அப்படியேதான் இருப்பார்கள்.

குறை கடலில் இல்லை. அணியைக் கட்டுவது, ஓய்வு கொடுப்பது என்ற இரண்டு தனி வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில் இருக்கிறது.

முதல் வேலையைப் பற்றி ஆய்வுகள் தெளிவாகவே பேசுகின்றன. எடுவார்டோ சலாஸ் உள்ளிட்ட உளவியலாளர்கள், அணி வளர்ப்புப் பயிற்சிகள் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் அலசினார்கள். வேலைத் திறன் ஒட்டுமொத்தமாகக் கூடியதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. யார் பொறுப்பு எது என்று பேசித் தெளிவுபடுத்திய பயிற்சிகள் மட்டும் பலன் தந்திருந்தன. விரிவான தரவுகளோடு 2009இல் வந்த அடுத்த தொகுப்பாய்வு இன்னும் நம்பிக்கை தந்தது. அதிலும் முன்னால் நின்றவை இரண்டு: இலக்கை உட்கார்ந்து பேசி முடிவுசெய்வது, பொறுப்புகளைப் பிரித்துத் தெளிவாக்குவது. பலூனுக்கு அங்கே தனி மதிப்பெண் இல்லை.

ஆகவே, “ரிலீஸ் நேரத்தில் கடைசி முடிவு யாருடையது? டெஸ்டிங் ஆட்களுக்கு ஏன் எப்போதும் தாமதமாகத் தகவல் போகிறது?” என்பது போன்ற கேள்விகளைக் காலையில் இரண்டு மணி நேரம் பேசினாலே பயணச் செலவு நியாயமாகிவிடும். அலுவலக மீட்டிங் அறையில் வாய் திறக்காதவர்கள் வேப்பமர நிழலில் பேசக்கூடும். ஆனால், பேசியதற்காக அடுத்த அப்ரைசலில் அடி விழாது என்ற நம்பிக்கை வேண்டும். அதை எந்த ரிசார்ட்டும் பேக்கேஜில் சேர்த்துத் தராது.

அடுத்தது ஓய்வு. ஜெர்மானிய உளவியலாளர் சபினே சொனென்டாக்கும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், களைப்பிலிருந்து மீள உதவும் அனுபவங்கள் நான்கைக் குறிப்பிட்டார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுவது, இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைக் கற்பது, நேரம் தன் கையில் இருப்பது. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் “எல்லாரும் ஆடணும்” என்று அதட்டும் இடத்தில் நான்காவது முதலிலேயே போய்விடுகிறது. மதியத்துக்கு மேல் ஆட்களை அவரவர் போக்கில் விடுவதே நல்லது. விருப்பமிருந்தால் கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம். மேனேஜரும் டிரெய்னியும் ஒரே வேகத்தில் கவிழ்வார்கள். விருப்பமில்லாதவர் தூங்கட்டும். பிரான்சில் நிறுவனத்தின் ‘ஜாலி’ கலாசாரத்தில் கலக்க மறுத்த ஊழியரை அதற்காக வேலையைவிட்டு நீக்கியது செல்லாது என்று 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எந்தக் கிழமையில் போகிறோம் என்பதும் முக்கியம். சனிக்கிழமையைப் பிடுங்கிக் கொடுக்கும் ஓய்வை எப்படி ஓய்வு என்பது? குழந்தையை யாரிடம் விடுவது என்று யோசிப்பவருக்கு அது இன்னொரு ஷிப்ட்.

ஏற்பாட்டாளர்கள் மறக்கும் சட்ட விவரம் ஒன்று உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின்படி, வேலை தொடர்பாக ஊழியர் செல்லும் இடமும், அதற்காக நிறுவனம் தரும் வாகனமும் பணியிடமே. நீச்சல் குளத்தில் நடந்தாலும் திரும்பும் பேருந்தில் நடந்தாலும், புகார் அலுவலகத்தின் உள் புகார்க் குழுவுக்குத்தான் வரும். “ஆபீஸுக்கு வெளியேதானே நடந்தது” என்ற சாக்கு எடுபடாது.

கடல் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேதி வைக்காமலிருப்பது உத்தமம். மற்ற மாதங்களிலும் இந்தக் கரையில் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். குடித்தவரைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுக்கும் பொறுப்பை, பேருந்து கிளம்பும் முன்பே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.