இடம்பெயர்ந்த முழங்காற் சில்லு

ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில் வாழும், எமக்கு அறிமுகமான குடும்பமொன்றின் பதினைந்து வயது மகன், ஹாண்ட்போல் விளையாடுகையில் சட்டெனத் திரும்பியபோது முழங்கால் விலகி வீழ்ந்தான். சில கணங்களில் சில்லு தானாகவே தன்னிடத்திற்கு மீண்டது. வீட்டார் எண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டனர். மூன்று மாதங்களின் பின் பாடசாலைப் படிக்கட்டில் அதே சில்லு மறுபடியும் விலகியது. இம்முறை எடுத்த படத்தில், மூட்டினுள்ளே குருத்தெலும்புத் துண்டொன்று மிதப்பது தெரிந்தது. “முதல் நாளே கொண்டு போயிருக்கலாம், அண்ணை” என்று அந்தத் தாய் எம்மிடம் கூறியதே இக்கட்டுரைக்குக் காரணம்.

முழங்காற் சில்லு, தொடையெலும்பின் முனையிலுள்ள பள்ளத்தில் மேலும் கீழுமாக வழுக்கிச் செல்வது. பாதம் நிலத்தில் ஊன்றியிருக்க உடல் திரும்பும்போது அது பள்ளத்தை விட்டு, பெரும்பாலும் வெளிப்புறமாகவே விலகுகின்றது. அவ்வேளை அதனை உட்புறத்தே பிடித்து நிற்கும் நார் கிழிகின்றது. பிறவியிலேயே பள்ளம் ஆழமற்றவர்கள், சில்லு சற்று மேலே அமைந்தவர்கள், மூட்டுகள் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு இவ்வாபத்து அதிகம். பதின்ம வயதினரே இதற்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

சில்லு வெளியே நிற்குமாயின் கண்ணாலேயே அறியலாம். மடிந்த காலை நீட்ட இயலாது. தானாக மீண்டுவிட்டால் நோயாளி கூறும் வரலாறே முதற் சான்று. மூட்டினுள் இரத்தம் கசிவதனால் விரைவில் வீக்கம் எழும்; சில்லின் உள்விளிம்பு தொட்டால் நோகும்; வைத்தியர் அதனை மெல்ல வெளிப்புறம் தள்ள முயன்றாலே நோயாளி அஞ்சிக் காலை இறுக்குவார். எலும்பு உடைந்துள்ளதா என எக்ஸ்ரே காட்டும். குருத்தெலும்பையும் கிழிந்த நாரையும் காண எம்.ஆர்.ஐ. படம் வேண்டும்.

விலகிய சில்லை வீட்டில் இழுத்துத் திருத்த முயலலாகாது. வைத்தியர் நோவைத் தணித்து, காலை மெதுவாக நீட்டியவாறே சில்லை உட்புறமாகத் தள்ளுவார். முதற் தடவையெனில், துண்டு எதுவும் உடைந்திராவிடில், பொதுவாகச் சத்திரசிகிச்சை தேவையில்லை. சிறிது காலம் கட்டும் ஊன்றுகோலும், வீக்கம் வடியக் குளிர் ஒத்தடமும், அதன்பின் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் போதுமானவை. நோவு தணிந்ததும் பயிற்சியைக் கைவிடுவதே எம்மவர் செய்யும் பெருந்தவறு. ஏறத்தாழ மூன்றிலொருவருக்குச் சில்லு மீண்டும் விலகுகின்றது. அடிக்கடி விலகினால், தொடையின் பின்புறத் தசைநாணொன்றை எடுத்துக் கிழிந்த நாருக்குப் பதிலாகப் பொருத்துவர்.

முழங்கால் மூட்டே முழுமையாக விலகுவது வேறு. அது மிகக் கொடியது. இரத்தக்குழாய் அறுபடக்கூடும். பாதம் குளிர்ந்து, வெளிறி, உணர்வு குன்றினால் தாமதியாது 113 ஐ அழைக்க வேண்டும்.

ஏனைய வேளைகளில் 116117 என்ற இலக்கத்தில் லேகெவாக்டை அழைக்கலாம். எம்மிற் பலர் அறிந்த ஸ்தூர்காத்தா நிலையம் 2023 இல் ஆக்கருக்கு மாறிவிட்டது. முழங்காற் சில்லை நோர்வேஜிய மொழியில் ‘க்னேஸ்கோல்’ என்பர். இச்சொல்லை நினைவிற் கொள்க. பதினாறு வயதிற்குட்பட்டோர் வைத்தியருக்குப் பங்குப்பணம் செலுத்த வேண்டியதில்லை. புகலிடம் கோரி முடிவுக்காகக் காத்திருப்போரும் அவசர சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம்.

மேலுமொன்று. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ‘எப்படி வீழ்ந்தாய், எத்தனையாந் தடவை’ என்ற கேள்விகளிலேயே நோயறிதல் தங்கியுள்ளது. பெற்றோர் கலங்குவரென அஞ்சிப் பிள்ளை உண்மையைக் குறைத்துக் கூறலாம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, தகுதியுடைய மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பொது நிறுவனங்களின் கடமை. அதனைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமை.

அந்த மகன் இப்போது ஊன்றுகோலின்றி நடக்கின்றான். பயிற்சியை மட்டும் தாய் ஒருநாளும் தவறவிடுவதில்லை.