அட்டை இல்லாத பிள்ளைக்கும் வகுப்பில் இடம் உண்டு

ஜூன் பிறந்துவிட்டால் பேரிகை சுற்றுவட்டாரத்தில் பள்ளிச் சேர்க்கைப் பேச்சுதான். ஐந்து வயது முடிந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் தொடக்கப் பள்ளி வாசலில் நிற்பார்கள். இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, இருந்தால் தடுப்பூசி அட்டை. அந்த 'இருந்தால்' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது அதன் 14ஆவது பிரிவு. சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அதற்காகச் சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது 5ஆவது பிரிவு. தடுப்பூசி அட்டை இருந்தால்தான் இடம் என்ற வரி இந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே 'அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு வாம்மா' என்று யாராவது சொன்னால், 'பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர், அட்டை பின்னால் வரும்' என்று தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் அட்டையே வேண்டாமா? வேண்டும். கட்டாயம் வேண்டும். அது பள்ளிக் கதவைத் திறக்கும் சாவி அல்ல. பிள்ளையின் உடம்பைக் காக்கும் கணக்குப் புத்தகம். இந்த வித்தியாசம் பலருக்குப் புரியாததால்தான் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒரு பக்கம் அட்டையைக் கேட்டு மிரட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் அதைக் கேட்பதே இல்லை.

ஐந்து வயது ஊசி

பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி ஊசி. பிறகு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட். ஒன்பதாவது மாதம் தட்டம்மை - ரூபெல்லா. ஒன்றரை வயதில் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணையும். இதுவரை பெரும்பாலும் ஓடிவிடுகிறது. தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி போட்டவர்கள் 2015-16 தேசியக் குடும்ப நல ஆய்வில் சுமார் 70 சதவீதம். 2019-21 ஆய்வில் அது ஏறத்தாழ 89. நல்ல முன்னேற்றம்தான்.

ஆனால் ஐந்திலிருந்து ஆறு வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பின் இரண்டாம் ஊக்கத் தவணை, அதாவது பள்ளிக்கூடம் சேரும் நேரத்து ஊசி, அந்தக் கணக்கில் வருவதில்லை. அங்கன்வாடியை விட்டு வந்தாயிற்று, பள்ளியில் இன்னும் ஊன்றவில்லை என்ற இடைவெளியில் அது நழுவுகிறது. கைக்குழந்தையில் போட்ட ஊசியின் பலம் வருடங்கள் போகப் போகக் குறையும். தொண்டை அடைப்பான் கிருமி அந்த நேரம் பார்த்து வருகிறது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும். அதன் நஞ்சு இதயத்தையும் தாக்கும். இதெல்லாம் பழைய நோய் என்று நினைக்க வேண்டாம். சுகாதாரத்துக்குப் பெயர்போன கேரளத்தில் 2016இல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஊசி விட்டுப்போன இடமாகப் பார்த்துத்தான் அது வந்தது.

ஏழு வயதைத் தாண்டினால் முத்தடுப்பு ஊசி போடுவதில்லை. டி.டி. எனப்படும் ரண ஜன்னி - தொண்டை அடைப்பான் ஊசிதான். அது 10 வயதிலும் 16 வயதிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. இடையில் ஒரு தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். இதைத் தெரியாமல் 'இனிமேல் போட்டு என்ன' என்று விட்டுவிட்ட வீடுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

எல்லையில் தொலையும் அட்டை

பேரிகைக்கு வடக்கே கொஞ்ச தூரம் போனால் கர்நாடகம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் மாலூர், மாஸ்தி வரை நீளும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மூன்று மொழியில் வளரும் பிள்ளைகள் நம் காலனிகளில் சாதாரணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தாய்வீடு அந்தப் பக்கம் என்றால் கையில் வருவது கன்னடத்தில் அச்சிட்ட 'தாயி கார்டு'. ஆறு மாதம் கழித்து பிள்ளையோடு இங்கே வந்தால் இங்கே வேறு அட்டை, வேறு பதிவேடு. தமிழ்நாட்டில் கர்ப்பம் பதியும்போது தரும் 'பிக்மி' எண் இந்தத் தாய்க்கு இருக்காது. மூளைக்காய்ச்சல் ஊசி எல்லா மாவட்டங்களிலும் போடப்படுவதில்லை என்பதால் ஒரு அட்டையில் இருக்கும் வரி மற்றதில் இருக்காது. இங்கிருக்கும் நர்ஸம்மாவுக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாவிட்டால் போட்ட ஊசியும் போடாத ஊசியாகிவிடும்.

செங்கல் சூளைக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் கதை இன்னும் கடினம். தகரக் கொட்டகையில் மழை ஒழுகினால் முதலில் நனைவது காகிதம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். எந்த மாநிலத்தில் போட்டாலும் பார்க்கும்படி 'யூ-வின்' என்ற இணையப் பதிவை மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறது. அதில் பதிந்த பிள்ளைக்கு நல்லது. அதற்கு முன்னால் பிறந்து இப்போது ஒன்றாம் வகுப்புக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு அது உதவாது.

கூலிப் பிரச்சினையும் உண்டு. தடுப்பூசி நாள் புதன்கிழமை. பசுமைக் குடிலில் ரோஜா பறிக்கப் போகும் பெண்ணுக்கு புதன் என்றும் வியாழன் என்றும் கிடையாது, விடிந்தால் வேலை. ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் கூலியும் போகும். இந்தத் தாயைப் பார்த்து 'விழிப்புணர்வு இல்லை' என்று சொல்பவர்கள் மீது எங்களுக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அவருக்கு விழிப்பு இருக்கிறது, விடுப்புதான் இல்லை.

தொடும் கை

தடுப்பூசியில் சாதி எங்கே வந்தது என்று கேட்பார்கள். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. இந்தியாவில் முதல் அம்மைப்பால் 1802 ஜூன் மாதம் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தப்பட்டது. அவள் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த குழந்தைக்கு, அந்தக் குழந்தையிலிருந்து இன்னொன்றுக்கு என்று அது நாடெங்கும் பரவியது. அப்படிக் கைமாற்றிக் குத்திய காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் கையிலிருந்து பால் எடுத்தார்கள். அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் குத்தக் கூடாது என்று மேல்சாதியினர் மறுத்தார்கள். ஊரைக் காக்கும் மருந்து நம் பிள்ளைகளின் புண்ணில் விளைந்தது, தீட்டும் நமக்கே வந்தது.

இன்றைக்கு மருந்து குப்பியில் வருகிறது. ஆனால் தொடும் கை? குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சாரியா நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருத்துவம் பெறும் இடங்களில் தொடாமல் மருந்து கொடுப்பது போன்ற பாகுபாடுகளை அந்தக் குழந்தைகள் சொல்லியிருந்தார்கள். இங்கே அந்த அளவுக்கு இல்லை என்று வைத்துக்கொண்டாலும், முகாம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். ஊருக்குள் இருக்கும் கட்டடத்தில் நடந்தால் காலனிப் பெண்கள் ஓரமாக நின்று, கடைசியில்தான் முறை வரும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தத் தெருவுக்குள் ஊசிப் பெட்டி வருவதும் அதே அளவு அவசரம்.

கண் தெரியாத பிள்ளைக்கு 'மக்கு' பட்டம்

ஊசிக்கு அடுத்தது உடல் பரிசோதனை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையில் 30 குறைகளைப் பார்ப்பார்கள். கண், காது, பல், தோல், இதயம், இரத்தசோகை எல்லாம் இதில் அடக்கம். மேல் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

எங்களுக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது கண்ணும் காதும்தான். கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால், அது எழுத்தைத் தப்பாக எழுதும். காதில் சீழ் வடியும் பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. நம் தெருப் பிள்ளை என்றால் அதற்கு உடனே 'மக்கு' என்று பெயர் வைத்துவிடுவார்கள். 'இவங்களுக்குப் படிப்பு ஏறாது' என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு ஓடும். ஒரு கண்ணாடி போட்டால் ஏறியிருக்கும் படிப்பு, மூன்றாம் வகுப்பில் நொண்டி எட்டாம் வகுப்பில் நின்றுவிடும். இடைநிற்றலுக்கு நாம் காட்டும் காரணங்களில் இதைச் சேர்ப்பதே இல்லை.

பிள்ளைகளின் உடம்பு சில நேரம் ஊரின் குற்றத்தையும் சொல்லிவிடும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது.

குழு வருகிறது, பெயர் எழுதுகிறது, சீட்டு தருகிறது. அன்றைக்குப் பள்ளிக்கு வராத பிள்ளை விட்டுப்போகிறது. சீட்டு வாங்கிய பிள்ளையும் பேரிகையிலிருந்து சூளகிரி, அங்கிருந்து கிருஷ்ணகிரி என்று இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி, இருவர் சாப்பாடு. அந்தச் சீட்டுகள் எத்தனை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கின்றன என்று போய்ப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே தடுப்பூசிச் சான்று இல்லாமல் பள்ளியில் சேர்க்க முடியாது, ஆனால் நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குப் பெறப் பல மாநிலங்களில் வழி இருக்கிறது. 2025இல் டெக்சாஸில் 700க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை வந்து, ஊசி போடாத பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். கிடைத்தும் வேண்டாம் என்பவர்கள் அங்கே. நம் பக்கத்திலும் 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியால் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். காலேஜில் படிக்கும் தம்பி தங்கைகள் அப்படி ஒரு செய்தி கைக்கு வந்தால் அதை அனுப்பாமல் நிறுத்தினாலே பெரிய உதவி.

அட்டை தொலைந்தவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் போய்ப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தாயி கார்டு இருந்தால் கன்னடம் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய்த் தமிழில் எழுதி வாங்குங்கள். இடது தோளில் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தாலே பி.சி.ஜி. போட்டது தெரியும். லேசான சளி இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். சந்தேகத்துக்கு 104, பள்ளியில் சேர்க்க மறுத்தால் 14417.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருப் பெண்கள் இருக்கிறார்கள், கையெழுத்தும் போடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள் அக்கா: மருத்துவக் குழு வரும் தேதியை ஒரு வாரம் முன்னதாக எங்கள் தெருவில் ஏன் சொல்லவில்லை? போன வருடம் சீட்டு கொடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்? ஐந்து வயது ஊசியைப் பள்ளியிலேயே வந்து போட என்ன தடை? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.