ஸ்கொலர்ஷிப்புக்குத் தரம் 1இலேயே தொடங்க வேண்டும்

இலங்கையில் ஒரு பிள்ளை முதன்முதலாகச் சுட்டெண்ணோடு உட்கார்ந்து எழுதும் அரச பரீட்சை, தரம் 5 புலமைப்பரிசில். அப்போது பிள்ளைக்கு வயது பத்து. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாத் தோட்டங்களில் 'ஸ்கொலர்ஷிப்' என்றால் லயத்தில் இருக்கும் பாட்டிக்குக்கூடப் புரியும்.

கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரரைத் தெரிவுசெய்து நல்ல பாடசாலைகளுக்கு அனுப்புவதே புலமைப்பரிசிலின் நோக்கம். தோட்டத்துக்கு அந்த வாய்ப்பு பிந்தித்தான் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில். அதுவரை ஓர் ஆசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு என்பதே பல தோட்டங்களின் நிலை.

பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். ஒன்று, பொதுவான திறனைச் சோதிக்கும் 40 பல்தேர்வு வினாக்கள். மற்றதில் தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் வரும். உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும்.

கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளையும் வினாவை வாசித்து விளங்குவதற்குள் நேரத்தைத் தொலைத்துவிடுகிறது. இந்தக் குறையைத் தரம் 5இல் திணிக்கும் டியூஷன் தீர்க்காது. முதலாம், இரண்டாம் தரங்களில் தினமும் உரக்க வாசித்துப் பழகினால்தான் தீரும்.

விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் அம்மா, மாலைக் கொழுந்து நிறுவை முடிந்துதான் வீடு திரும்புகிறார். ஆனாலும் இந்த வாசிப்புப் பழக்கத்துக்கு, எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவும் உதவலாம். சமைக்கும்போது, பிள்ளை அன்று வாசித்ததைத் தனக்குக் கதையாகச் சொல்லச் சொன்னால் போதும். விளங்காமல் வாசித்த பிள்ளையால் கதை சொல்ல முடியாது.

கணக்குப் பயிற்சிக்கு உதாரணங்களை வெளியே தேட வேண்டியதில்லை. காலையில் 6 கிலோ, மத்தியானம் 8 கிலோ, மாலையில் 5 கிலோ கொழுந்து. ஒவ்வொரு நிறுவையிலும் பைக்கு 1 கிலோ கழித்தால் மிச்சம் எவ்வளவு? முதலில் கூட்டி, பிறகு கழிக்கும் இரண்டு படிக் கணக்கு இது. அம்மாவின் நாட்சம்பளம் இதில் தங்கியிருப்பதால் பிள்ளை கவனமாகச் செய்யும்.

பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதுவது அவசியம். ஆனால் வாரத்துக்கு ஒன்று போதும். மறுநாள் பிழைத்த வினாக்களை மட்டும் எடுத்து, ஏன் பிழைத்தது என்று பிள்ளையின் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். பத்துத் தாள்களை எழுதிக் குவிப்பதைவிட இதனால் கிடைக்கும் பயன் அதிகம்.

பெரியவர்களின் பதற்றம்தான் பெரிய தொல்லை. 2024 செப்டம்பர் பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே கசிந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பரீட்சைக்கு முந்திய நாட்களில் வகுப்புகளுக்கும் மாதிரி வினாத்தாள்களுக்கும் பரீட்சைத் திணைக்களம் தடை விதிக்க வேண்டியிருக்கிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையும் தரம் 6க்குப் போகும். இதைப் பெற்றோர் பரீட்சைக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பரீட்சையில் சித்தியடைந்து, இன்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் மலையகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை தோட்டத்துக்கு வரும்போது சிறுவர் கதைப் புத்தகங்கள் கொண்டுவாருங்கள். தரம் 2 பிள்ளை ஒன்றை அருகில் இருத்தி, அரை மணித்தியாலம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.