எரித்து நிறுக்கும் கணக்கு

ஒரு கரிமச் சேர்மத்தில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று அறிய வேதியியலாளர்கள் அதை எரித்தே பார்த்தார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே காலத்திலேயே தொடங்கிய இந்த வழியை எல்லோரும் நம்பிச் செய்யும் முறையாக்கியவர் ஜெர்மனியின் கீசென் நகரில் பணியாற்றிய லீபிக். மாதிரியைக் காப்பர் ஆக்சைடுடன் கலந்து கண்ணாடிக் குழாயில் இட்டுச் சூடாக்கினால் கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாகும், ஹைட்ரஜன் முழுவதும் நீராகும். நீராவியைக் கால்சியம் குளோரைடு உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சிய வாயு, 1831இல் லீபிக் அறிமுகப்படுத்திய ஐந்து குமிழ்க் கண்ணாடிக் கருவிக்குள் போகும். அதிலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கார்பன் டை ஆக்சைடு சிக்கிக்கொள்ளும். எரிப்பதற்கு முன்னும் பின்னும் இந்த இரண்டு உறிஞ்சிகளையும் நிறுத்தால் போதும். 180 மில்லிகிராம் குளுக்கோஸ் எரிந்தால் 264 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடும் 108 மில்லிகிராம் நீரும் வரும். கணக்கிட்டால் கார்பன் 72, ஹைட்ரஜன் 12, மீதி 96 ஆக்சிஜன். ஆஸ்திரியாவின் பிரேகல் இதே வேலையைச் சில மில்லிகிராமிலேயே செய்து காட்டி 1923இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய கருவியில் மாதிரி சிறு தகரப் பொதியில் சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது. நைட்ரஜன் உள்பட எல்லா வாயுக்களையும் கருவியே பிரித்து அளந்துவிடுகிறது.

மூலக்கூறின் அமைப்பையே காட்டும் என்எம்ஆரும் நிறைமாலைமானியும் வந்தபின் இந்த எரிப்பு முறை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. குளுக்கோஸும் அசிட்டிக் அமிலமும் எரித்துப் பார்த்தால் ஒன்றுபோலவே 40 சதவீதக் கார்பன் காட்டும். அமைப்பைப் பற்றி இந்த முறைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குளுக்கோஸின் ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு நீர் மூலக்கூறு ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? நிறைமாலைமானி பெரும்பாலும் குளுக்கோஸை மட்டுமே காட்டும். கனநீரில் கரைத்து எடுத்த என்எம்ஆரில் அந்த நீர், கரைப்பானின் நீர்க் குறிகையோடு கலந்து மறைந்துவிடும். எரித்தாலோ கார்பன் 36.4 சதவீதத்துக்கு இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கலந்திருக்கும் உப்பும் அப்படியே அகப்படும். குப்பியில் இருப்பது எல்லாமே தராசில் ஏறுவதுதான் இந்த முறையின் பலம்.

கணக்கிட்ட மதிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் 0.4 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு கூடாது என்று பல ஆய்விதழ்கள் கேட்டுவந்தன. இந்த எல்லை மிகக் கடுமையானது, நல்ல மாதிரிகூடச் சில நேரம் தவறிவிடுகிறது என்ற குறை உண்மையானதே. எல்லையைத் தளர்த்தலாம், சோதனையைக் கைவிடக் கூடாது. புதிய சேர்மம் என்று அறிவிப்பவர்கள் சில மில்லிகிராமை எரித்துப் பார்த்து, கிடைத்த எண்ணைத் திருத்தாமல் வெளியிட வேண்டும்.