பெயர் ஒன்று, பெட்டி வேறு

பாலோ வட்டாரத்தில் பிள்ளைகளின் படிப்புக்காக ரவுட்டர் வாங்கும் நாம், விலை மலிவென்று அமெரிக்காவுக்காகச் செய்த பெட்டியை வரவழைத்துவிடக் கூடும். பெயரும் உருவமும் ஒன்றே, அமைப்புதான் வேறு.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது 1 முதல் 11 வரையுள்ள தடங்களில்தான் இயங்கும். மலேசியாவில் 13 வரை உண்டு. இதனால் நமக்குப் பெரிய நட்டமில்லை.

மின்சாரம்தான் கவலை. அங்கே 120 வோல்ட். இங்கே ஏறக்குறைய இரு மடங்கு. அடாப்டரில் ‘100–240’ என்றிருந்தால் பயமில்லை, மூன்று கால் பிளக்குக்கு ஏற்ற மாற்றி போதும். 120 மட்டும் அச்சிட்டிருந்தால் சொருகவே கூடாது; கருகிவிடும், தீயும் பிடிக்கலாம். பலகை வீடுகளில் வசிக்கும் நமக்கு இது விளையாட்டல்ல.

இன்னொன்று: யூனிஃபை இணையத்துக்கு ‘வீலேன் 500’ என்ற அமைப்பு வேண்டும். பெட்டி அதை ஏற்குமா என்று பணம் கட்டுமுன் கேட்போம்.